முந்துகிற கை

பாட்டின் பாதியில் நர்ஸ் நிறுத்திவிட்டாள். வாயை மூடிக்கொண்டு, பியானோவின் மேல் ஒரு கையை ஊன்றி, எதிர்ச்சுவரைப் பார்த்தாள். பாட்டு நின்றுபோனது தெரியாமல், பியானோ வாசித்துக்கொண்டிருந்த இவள் இன்னும் இரண்டு கட்டைகளை அழுத்திவிட்டு, சூடு பட்டவள் போலக் கையை எடுத்தாள்.

“மறுபடியும் முன்னாடி ஓடுற.”

“இல்லக்கா, இந்தத் தடவை மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் வாசிச்சேன்.”

“எண்ணிக்கிட்டே ஓடுற. நான் மூச்சு எடுக்கிறதுக்குள்ள நீ அடுத்த தெருவுக்குப் போயிடுற. நாள் முழுக்க வார்டுல ஓடிட்டு வர்றேன். இங்கயும் வந்து உன் பின்னாடி ஓட என்னால ஆகாது.”

நர்ஸ் கோபக்காரி இல்லை. அதுதான் இவளை இன்னும் பயமுறுத்தியது. ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற நிதானத்தோடுதான் அவள் பேசினாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அன்னைக்கும் இப்படித்தான்னா, பேங்க் சாரைக் கேட்டுக்கிறேன். கோவிச்சுக்காத.”

“இதுல கோவிச்சுக்க என்னக்கா இருக்கு” என்றாள்.

வேலை முடிந்து வருகிறவர்களுக்கான மாலை இசை வகுப்பு அது. ஆண்டுக் கடைசியில் தேர்வு. பாடுகிறவர் ஒருவர், பியானோ வாசிக்கிறவர் ஒருவர் என்று ஜோடியாகத்தான் போய் நிற்க வேண்டும். தேறினால் மேல் வகுப்பில் இடம். ஜோடி இல்லாதவருக்குத் தேர்வே கிடையாது. பேங்க்கில் வேலை பார்க்கும் அந்தப் பியானோக்காரரோடு பாட வேண்டியவர் வேலை மாற்றலில் போய்விட்டார். பேங்க் சார் ஃபைலும் கையுமாகக் கடைசி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நர்ஸ் அவர் பக்கம் போய்விட்டால் அந்த நாற்காலி இவளுக்குத்தான். தேர்வு அடுத்த வாரம்.

ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்த மாஸ்டர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“வீட்ல எதுல பழகுற?”

“கீபோர்டுல, மாஸ்டர். கம்ப்யூட்டரோட சேர்த்தது. சத்தம் கம்ப்யூட்டர்ல இருந்துதான் வரும்.”

“கட்டைக்கு எடை உண்டா?”

“இல்ல. பிளாஸ்டிக். ஊதினாலே இறங்கிடும்.”

“அதான் விஷயம். காத்தை அழுத்திப் பழகின கை, நிஜக் கட்டையில வந்து தடுமாறுது. எடை வச்ச கீபோர்டா ஒண்ணு பாரு.”

எடை கூடினால் கை பிந்தத்தானே வேண்டும், ஏன் முந்துகிறது என்று இவளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அதை உட்கார வைத்துவிட்டாள். மாஸ்டருக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிடப் போகிறது.

இவள் பகலில் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மெழுகில் பல் வார்த்து, சுரண்டி, இழைத்து, ஊர்பேர் தெரியாத வாய்க்குள் அது கச்சிதமாக உட்காரும்படி செய்வாள். அந்த வேலையால்தான் அண்ணன் இவளைப் பல்லி என்று கூப்பிடுவான். மறுநாள் பல்லி மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைக் கீழ்வரிசையில் வைத்து இழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரி கையைப் பிடித்து நிறுத்தாவிட்டால் யாரோ ஒருவர் வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் தவித்திருப்பார்.

அன்று மாலை அண்ணன் இவளைக் கடைக்கு அழைத்துப் போனான். தோளில் லேப்டாப் பை.

“அது எதுக்கு?”

“பெண் பார்க்கப் போறப்ப மாப்பிள்ளை வேண்டாமா? நீ பாட்டுக்கு எதையாவது வாங்கிட்டு வருவ. அப்புறம் நம்ம கம்ப்யூட்டரோட அது பேசாது. வீட்ல இருக்கிற அதே செட்டிங், அதே புரோகிராம், எல்லாம் அச்சு அசலா இதுல ஏத்திட்டேன். மாட்டிப் பார்த்துட்டுத்தான் வாங்கறோம்.”

வீட்டுக் கம்ப்யூட்டர் அண்ணன் கையால் கூட்டிச் சேர்த்தது. பழைய பெட்டி, எங்கெங்கோ வாங்கிய பாகங்கள். அதற்குக் காய்ச்சல் வந்தால் இவனுக்குத் தூக்கம் போகும். அண்ணி சொல்வாள், எனக்கு உடம்பு சரியில்லைன்னா மாத்திரை எங்கே இருக்குன்னு கேட்கிறவர், அதுக்கு மட்டும் ராத்திரியெல்லாம் கண் முழிக்கிறார் என்று. இவள் மாலை வகுப்பில் சேர்ந்தபோது, பிளாஸ்டிக் கீபோர்டு ஒன்றை வாங்கி அதில் மாட்டிக் கொடுத்தவனும் அவன்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் இருக்க ஹெட்போனும்.

கடை ஒரு மாடிப்படியின் அடியில் தொடங்கி நீளமாக உள்ளே போனது. இரண்டு பக்கமும் கீபோர்டுகள் அடுக்கடுக்காகக் கால் நீட்டிப் படுத்திருந்தன. கடைக்காரர் கழுத்தில் அளவு டேப் போட்டிருந்தார். தையற்கடையிலிருந்து வழி தவறி வந்தவர் போல.

“வெயிட்டட் கீ தானே மேடம்? இப்ப கேட்கிற எல்லாரும் அதுதான் கேட்கிறாங்க. வீட்ல கம்ப்யூட்டர் இருக்கில்ல? அப்போ ரெண்டே ரெண்டு சாய்ஸ்தான்.”

ஒன்று மெலிதாக, கறுப்பாக இருந்தது. எண்பத்தெட்டுக் கட்டை, எல்லாம் எடை வைத்தது. ஆனால் அதற்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் பேசும். இன்னொன்று பருமனானது. அதன் வயிற்றுக்குள்ளேயே சத்தமும் ஸ்பீக்கரும் இருந்தன. கம்ப்யூட்டருக்கும் ஒரு ஒயர் போகும்.

“மெலிசானதுதான் சரி” என்றான் அண்ணன். “சத்தம்தான் நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கே. அதுவும் பெரிய பியானோ சத்தம். அந்தக் குண்டைக் கொண்டுபோனா உங்க அண்ணி என்னைப் படிக்கட்டுல படுக்கச் சொல்லுவா.”

“ரெண்டையும் வாசிச்சுப் பார்க்கிறேன்ணா.”

“வாசி, வாசி. யார் வேண்டாம்னா.”

பெரியதன் முன் உட்கார்ந்தாள். கட்டைகள் விரலுக்கு எதிராக மெல்ல நின்றன. வகுப்பு பியானோவின் அதே தடை. மனதுக்குள் ஏதோ இளகியது. இதுதான், இதுதான் என்றிருந்தது. நர்ஸ் பாடியதை ஒருநாள் பதிவு செய்து வாங்கி வைத்திருந்தாள். தினமும் அதோடுதான் பழக்கம். அண்ணன் லேப்டாப்பில் அந்தக் குரலைப் போட்டான். இவள் கீபோர்டின் சொந்தச் சத்தத்தில் கூடச் சேர்ந்து வாசித்தாள்.

முதல் அடியிலேயே பிசகியது. குரல் ஒரு படி ஏறுவதற்குள் இவள் அந்தப் படியில் போய் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் முறை வாசித்தாள். அதேதான். கண்களை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை வாசித்தாள். அதே.

எடை வைத்த கட்டைதான். ஆனாலும் ஓடினாள்.

அண்ணன் லேப்டாப் திரையை நோண்டிக்கொண்டிருந்தான். கடைக்காரர் மட்டும் இரக்கத்தோடு, “அது கொஞ்சம் மேல்தட்டு ஆளுங்களுக்கு மேடம். எல்லாருக்கும் ஒத்துக்காது. மெலிசைப் பாருங்க” என்றார்.

மெலிந்ததை லேப்டாப்பில் மாட்டினார்கள். வீட்டைப் போலவே சத்தம் ஹெட்போனில். நர்ஸின் குரல் ஆரம்பித்தது. இவள் வாசித்தாள்.

மயிரிழை பிசகவில்லை. குரல் ஏறியபோது ஏறினாள், இறங்கியபோது இறங்கினாள். பதிவானதை ஹெட்போன் வாங்கிக் கேட்ட அண்ணன் முகம் மலர்ந்தது.

“பார்த்தியா? நான் சொன்னேன்ல? பில் போடுங்க சார்.”

“ஒரு நிமிஷம்ணா.”

“இன்னும் என்ன?”

“அதே ஒயரை அந்தப் பெரிசுல மாட்டு. அதோட சத்தத்தை அமுக்கிட்டு, லேப்டாப் சத்தத்துல வாசிச்சுப் பார்க்கிறேன்.”

“பல்லி, கடையைச் சாத்தற நேரம்.”

கடைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. அண்ணன் முனகிக்கொண்டே ஒயரை மாற்றினான். சற்று முன் தடுமாறிய அதே கட்டைகளில் இவள் மறுபடி கை வைத்தாள்.

இம்முறை தடுமாற்றமே இல்லை.

“அப்போ இதுலயும் வருது” என்றார் இவள் முகத்தைப் பார்த்த கடைக்காரர். “எதுல வேணா வாங்கிக்கலாம்னு சொல்லுங்க.”

இவளுக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. அதே கட்டை, அதே எடை, அதே கை, அதே பாட்டு. ஒன்றில் தப்பு, ஒன்றில் சரி. மாறியது சத்தம் வருகிற வழி மட்டும்தான். கூடத்தில் ஒரு பல் பொருந்தாவிட்டால் அவள் இப்படித்தான் தேடுவாள்: எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ஒன்றே ஒன்றை மாற்றி.

“திரும்ப எடுக்க மாட்டோம் மேடம், அதனால யோசிச்சே சொல்லுங்க” என்று கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சுக்கு மரியாதையாக, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து தள்ளிவிட்டு, யோசனையில் ஒரு கட்டையை அழுத்தினாள்.

திறந்த காதில் ‘தும்’ என்று கட்டை அடியில் போய் இடித்தது. அதற்குப் பிறகுதான் மூடிய காதில் சுரம் வந்தது.

அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி அழுத்தினாள். தும். பிறகு சுரம். இடையில் ஒரு மெல்லிய வெற்றிடம். கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது. ஆனால் இருந்தது. வீட்டில் இரண்டு காதையும் மூடிக்கொண்டே வாசித்ததால், விரல் இறங்கும் சத்தத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“அண்ணா, இங்க வா. ஹெட்போனால ஒரு காதை மட்டும் மூடு. இப்ப கேளு.”

அண்ணன் குனிந்து கேட்டான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

“வீட்ல சத்தம் கரகரன்னு வருதுன்னு நான் சொன்னப்ப நீ ஏதோ செட்டிங் மாத்தினியே, அது என்ன?”

“அது... சத்தத்தைக் கொஞ்சம் தேக்கி வச்சு, அப்புறம் விடச் சொன்னேன். பெட்டி பழசில்ல, மூச்சு வாங்குது. தேக்கி விட்டா கரகரப்பு போயிடும். போச்சுல்ல?”

“போச்சு. தேங்கின நேரத்துக்கு சத்தம் லேட்டா வருது. அது பாட்டோட சேரணும்னு நான் என்னை அறியாம முன்கூட்டியே அழுத்திப் பழகியிருக்கேன். பியானோவுல தேக்கம் கிடையாது. அழுத்தின உடனே வந்துடும். அதான் ஓடறேன்.”

அண்ணன் முகம் சுருங்கியது. “ஆக, நான்தான் உன்னைக் கெடுத்துட்டேங்கிற.”

“அப்படிச் சொல்லலண்ணா.”

“வேற எப்படிச் சொல்றது? நீ அன்னைக்குக் கரகரப்பு தாங்காம அழுதியேன்னு உட்கார்ந்து அதைச் சரி பண்ணேன்.”

“நான் அழல.”

“மூக்கை உறிஞ்சின.”

“சளி.”

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? லேட்டோ சீக்கிரமோ, லேப்டாப்போட வாசிச்சப்ப உங்களுக்கு நல்லா வந்துச்சுல்ல. நல்லா வர்றதை வாங்கறதுதானே உலக வழக்கம்? வராததை யாராவது வாங்குவாங்களா?”

அதைத்தான் இவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம், இவள் அழகாக வாசிக்கிற மெலிந்த கீபோர்டு. இன்னொரு பக்கம், தொட்டவுடன் இவள் குட்டை உடைத்துக் காட்டுகிற தடியன். வெள்ளிக்கிழமை கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. மாதக்கணக்கில் பழகிய பிழையை மிச்சமிருக்கும் மாலைகளில் கழற்றிவிட முடியுமா? முடியாவிட்டால் நர்ஸும் போய், வாங்கியதும் வீணாகி... ஒருவேளை இவள் காதே தப்பாக இருந்தால்? மாஸ்டர் கட்டை எடை என்றுதானே சொன்னார்?

“சரி, இப்படிப் பண்ணலாம்” என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி. “மெலிசையே வாங்கு. நான் வேற சவுண்டு கார்டு வரவழைச்சுப் போட்டுடறேன். தேக்கவே வேண்டாம். சுத்தமா வரும்.”

“எப்ப வரும்?”

“ஆர்டர் போட்டா... ரெண்டு வாரத்துல.”

“வெள்ளிக்கிழமைண்ணா.”

இவள் ஒயரைப் பிடுங்கினாள். பெரியதன் சத்தத்தை மறுபடி ஏற்றினாள். ஒரு கட்டையை அழுத்தினாள். இடிப்பும் சுரமும் ஒன்றாக விழுந்தன. நர்ஸின் குரலைத் தானே ஓடவிட்டு, ஒரு அடி வாசித்தாள். மோசமாகத்தான் வந்தது. கடைசி வரை வாசித்துவிட்டுச் சொன்னாள்.

“இதைக் கொடுங்க.”

“இதையா?” என்றார் கடைக்காரர்.

“ஆமா. தப்பா வாசிக்கிறேன்னு இதுதான் சொல்லுது.”

கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் லேப்டாப்பை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். “அவ பணம், அவ கை. கட்டிக் கொடுங்க” என்றான்.

திரும்பும் வழியெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். சவப்பெட்டி போல நீண்ட அட்டைப்பெட்டியை இருவரும் முன்னும் பின்னுமாகத் தூக்கி மாடி ஏறினார்கள். அண்ணி கதவைத் திறந்து, பெட்டியின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தாள்.

“உள்ள ஆள் யாராவது இருக்காங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி புரிந்துகொண்டு, தன் தையல் மிஷினைச் சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் தள்ளி இடம் விட்டாள்.

அன்று தொடங்கியது போராட்டம். சத்தம் கீபோர்டின் வயிற்றிலிருந்தே வந்தது. அதைக் குறைத்து வைத்து, ஹெட்போன் இல்லாமல் வாசித்தாள். விரல்களுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? நில் என்றால் தயங்கின, தயங்கியதில் பிந்தின, பிந்திவிட்டோமே என்று பதறி மறுபடி முந்தின. எப்போது முந்துகிறாள் என்பதே பாதி நேரம் அவளுக்குத் தெரியவில்லை. சரியாக வந்தது என்று நினைத்த இடமும் சந்தேகமாக இருந்தது. மறுநாளும் அப்படியே போனபோது, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் பின்னால் வந்து நின்றான். கையில் நீள ஒயர்.

“கம்ப்யூட்டர் உன்னைக் கெடுத்துச்சுன்னா, அதுவே வந்து கணக்குத் தீர்க்கட்டும்.”

“சத்தத்தை அதுல விடாதண்ணா.”

“விடல. அது வாயே திறக்காது. வெறுமனே நீ எப்ப அழுத்தறேன்னு மட்டும் பார்த்துக் குறிச்சுக்கும்.”

திரையில் நர்ஸின் குரல் மேடும் பள்ளமுமாக ஒரு வரியாக நீண்டது. அதன் கீழே, இவள் ஒவ்வொரு கட்டையை அழுத்தியதும் சின்னச் சின்னக் கோடாக விழுந்தது. குரல் தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே கோடு நின்றால் சரி. இடப்பக்கம் ஒதுங்கினால் முந்திவிட்டாள். வாசித்து முடித்து இருவரும் குனிந்து பார்த்தார்கள். கோடுகள் எல்லாம், அவசரத்தில் வரிசையை விட்டு வெளியே வந்த ஆட்கள் போல, ஒட்டுமொத்தமாக இடப்பக்கம் சாய்ந்து நின்றன.

“ஐயோ” என்றாள் மெல்ல.

“எல்லாம் ஒரே அளவுதான் சாய்ஞ்சிருக்கு” என்றான் அண்ணன். “தாளம் கெடல. மொத்த ஆளும் ஒரு அடி முன்னாடி நிக்கிறான். அவ்வளவுதான். பின்னாடி தள்ளு.”

தள்ளினாள். வாசிப்பது, பார்ப்பது, வாசிப்பது. வேலைக்குப் போகுமுன் கொஞ்சம், வந்ததும் மிச்சம். கோடுகள் ஒவ்வொன்றாக வரிசைக்குத் திரும்பின. சில திரும்பிவிட்டு மறுபடி ஓடின. சரணத்தின் தொடக்கம் மட்டும் பிடிவாதக்காரப் பிள்ளை போல வர மறுத்தது. ஆனால் இரண்டாம் நாளிலேயே ஒரு மாறுதல். திரையைப் பார்க்கும் முன்பே, “இங்க ஓடினேன்” என்று சொல்ல ஆரம்பித்தாள். அண்ணன் பார்த்துவிட்டு, “ஆமா” என்பான். அவன் ஆமா என்கிற ஒவ்வொரு தடவையும் இவளுக்குப் பயமும் தெம்பும் ஒன்றாக வந்தன.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனபோது, நடைபாதை பெஞ்சில் பேங்க் சார் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல். இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், பாதியில் உட்கார்ந்தார். நர்ஸ் வரச் சொல்லியிருக்கிறாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

“வா” என்றாள் நர்ஸ். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். “நேரா ஆரம்பிக்கலாம்.”

கடையில் கண்டதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள். இப்போது அது சாக்குப்போக்கு போலப் பட்டது. பேசாமல் உட்கார்ந்தாள்.

முதல் அடியில் விரல்கள் கட்டையின் மேல் காத்து நின்றன. குரல் வந்தது, கூடவே இவள் வந்தாள். இரண்டாம் அடியும் அப்படியே. கழுத்தில் வேர்வை இறங்குவது தெரிந்தது. திறந்த கதவு வழியே பெஞ்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அவர் எட்டிப் பார்க்கிறாரோ என்று நினைத்தாள். நினைத்த அந்த நொடியில் சரணம் வந்தது, கை பாய்ந்தது.

பாய்ந்ததும் தெரிந்தது. திரை இல்லை, அண்ணன் இல்லை, ஆனாலும் தெரிந்தது. அடுத்த கட்டையில் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் நின்றாள். அந்த வெறுமை ஒரு யுகமாக இருந்தது. நர்ஸின் குரல் வந்து பக்கத்தில் நின்றது, சேர்ந்து நடந்தார்கள். கடைசிக்கு முந்தின அடியில் இன்னொரு சின்னத் துள்ளல். பிறகு பாட்டு முடிந்தது.

நர்ஸ் முதல்முறையாக நடுவில் நிறுத்தவில்லை. ஆனால் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“ஒரு இடத்துல ஓடின.”

“ரெண்டு இடம்க்கா. சரணம் ஆரம்பத்துல ஒண்ணு. கடைசிக்கு முன் அடியில ஒண்ணு.”

“ரெண்டாவது எனக்கே தெரியலையே.”

“எனக்குத் தெரிஞ்சுது.”

நர்ஸ் அவளையே பார்த்தாள். காய்ச்சல் இறங்கியதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற பார்வை அது.

“அன்னைக்கெல்லாம் நான் சொன்னாக்கூட நீ ஒத்துக்கல. எண்ணிட்டுத்தான் வாசிச்சேன்னு சாதிச்ச.”

“அன்னைக்கு எனக்குக் கேட்கலக்கா.”

“இப்ப கேட்குதா?”

“கேட்குது. கை இன்னும் முழுசா அடங்கல. ஆனா கேட்குது.”

நர்ஸ் கைக்கடிகாரத்தின் வாரை இறுக்கிக்கொண்டாள். பிறகு கதவு வரை நடந்தாள். அவள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று இவளுக்குப் பார்க்கத் தைரியமில்லை, கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார்” என்று நர்ஸின் குரல் நடைபாதையில் கேட்டது. “உங்களை வீணா வரவச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க. நான் இவ கூடவே பாடிக்கிறேன்.”

“பரவாயில்லம்மா, பரவாயில்ல” என்றார் அவர். ஃபைல் மூடப்படும் சத்தமும், மெதுவாகப் போகும் காலடிகளும் கேட்டன. இவளுக்குச் சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது. அந்தக் காலடிகள் ஓயும்வரை தலை நிமிரவில்லை.

நர்ஸ் வந்து பழைய இடத்தில் நின்றாள்.

“சந்தோஷமெல்லாம் தேர்வு முடிஞ்சப்புறம் பட்டுக்கலாம். சரணத்துல இருந்து எடு. அந்த ஓட்டத்தை நிறுத்தாம நான் வீட்டுக்குப் போறதா இல்ல.”

இவள் கைகளைக் கட்டைகளின் மேல் வைத்தாள். நர்ஸ் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அது முடியட்டும் என்று காத்திருந்தாள்.